மீதி ஏழு நிமிடம்

பெண்கள் பொதுக் குளியல்கூடத்தில் தாக் ஜோம்ரே முதுகு தேய்ப்பதைப் பார்த்தவர்களிடம் இவளுக்குச் சங்கீதம் தெரியும் என்று சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். பச்சைத் தேய்ப்புத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பு. திரும்பி வரும்போது இரண்டு சின்ன இழுப்பு. அழுக்கு உருண்டு உருண்டு வந்ததும் ஒரு வாளி வெந்நீர். கடைசியில் ஈரக் கையைக் குவித்து முதுகில் டப் டப் என்று இரண்டு தட்டு. தட்டு விழுந்தால் புரண்டு படுக்க வேண்டும். கொரியாவின் ஜோன்ஜு நகரத்தில் தெற்குச் சந்தை வட்டாரத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு அந்தத் தட்டு பழக்கம். வீட்டில் புருஷன் தூக்கக் கலக்கத்தில் முதுகில் தட்டினால்கூடப் புரண்டு படுத்துவிடுவதாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் மனசுக்குள் பத்தொன்பது வருஷமாக ஒரு குற்றத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதைத் தெரிந்தவள் ஒருத்திதான். குளியல்கூடத்தின் உள்ளேயே அவித்த முட்டையும் அரிசிப் பானமும் விற்கிற மால்சுக். தெரிந்தவள் சும்மா இருந்தாளா என்றால், அதுதான் இல்லை.

"ஏன்டி கொலைகாரி, முட்டை வேணுமா?" என்றுதான் தினமும் கூப்பிடுவாள்.

"ஒரு பாட்டைக் கொன்னேன். உன்னைக் கொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உப்பையும் சேத்துக் குடு."

நடந்தது இதுதான். ஜோம்ரே பிறந்தது கோச்சாங் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒருவர் பாடினாலோ தந்தியை மீட்டினாலோ, கேட்கிறவர்கள் மண்ணாந்தையாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நல்ல இடம் வந்தால் "ஜோத்தா!" என்று குரல் கொடுத்தாக வேண்டும். நம் வாயில் "பலே!" என்று வருமே, அதேதான். குரல் கொடுக்காமல் கேட்பது, விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்புகிற மாதிரி. அது சரியான இடத்தில் விழவும் வேண்டும். முந்தினாலும் கேவலம், பிந்தினாலும் கேவலம். ஜோம்ரேயுடைய குரல் பன்னிரண்டு வயதிலேயே இம்மி பிசகாமல் விழுந்தது. கல்யாணமாகி ஜோன்ஜு வந்த பிறகு, பாட வருகிறவர்கள் மேடையேறும் முன் "அந்தக் குளியல்கூடத்தம்மா வந்திருக்காங்களா?" என்று விசாரிக்கிற அளவுக்குப் பேர் வாங்கிவிட்டாள்.

புருஷன் போய்ச் சேர்ந்த மூன்றாம் வருஷம், 2005 வசந்தத்தில், தேய்த்துக்கொள்ள வந்த ஒருத்தி ஒரு நுழைவுச் சீட்டைக் கொடுத்தாள். கயாகும் கச்சேரி என்றாள். மடியில் கிடத்தி வாசிக்கிற தந்தி வாத்தியம்தானே, சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே என்று ஜோம்ரே தலைமுடிச் சுருள்கூடக் கலையாமல் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் இருந்ததோ இருபத்தைந்து தந்தி. அவளுக்குத் தெரிந்தது பன்னிரண்டு. வாசித்தது ஒரு மாணவி. 'கூரையிலிருந்து சொட்டுவது' என்று அந்தப் புதுப் பாட்டுக்குப் பேர். எழுதியவர் ப்யோ இன்சோக் என்கிற இளைஞர். 'பதினாறு நிமிடம்' என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது.

அந்தப் பெண் முதலில் பலகையைக் கையால் தட்டினாள். நகத்தால் தந்தியை நீளவாக்கில் வழித்தாள். ஜோம்ரேக்குச் சிரிப்புதான் வந்தது. காசு கொடுத்து வாங்கிய சீட்டாக இருந்தால் எழுந்தே போயிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து ஒற்றை ஒற்றையாகச் சொட்ட ஆரம்பித்தது. உயரத்திலிருந்து ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அந்த இரண்டாவது சொட்டை இடது கை, தந்தியைத் தாங்குகிற குதிரைக் கட்டைக்கு அந்தப் பக்கம் அழுத்தி நெளிய விட்டது. ஜோம்ரேயின் முதுகு நிமிர்ந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். எல்லோரும் போன பிறகு கொதிகலனை நிறுத்திவிட்டு அவள் தரையைக் கழுவுகிற வேளையில், குளியல்கூடத்தின் கூரையிலிருந்து நீராவி குளிர்ந்து வெந்நீர்த் தொட்டியில் விழுகிற சத்தம். புருஷன் போன பிறகு அவளோடு பேசிக்கொண்டிருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். இதை இந்தப் பையன் எங்கே கேட்டான்?

ஒன்பதாம் நிமிடத்தில் கடைசிச் சொட்டு விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அரங்கம் முழுக்க ஒன்றுமில்லை.

"ஜோத்தா!"

அவள் கத்தவில்லை, அதுவாக வந்துவிட்டது. வாழ்நாளில் அவள் கொடுத்ததிலேயே அருமையான குரல் அது. அதனால்தான் வினையாயிற்று. இவ்வளவு நிச்சயமாக ஒருத்தி குரல் கொடுக்கிறாளே, பாட்டு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று பின்னால் ஒருவர் கைதட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? அரங்கமே தட்டியது. வாசித்த பெண் மிரண்டுபோய் எழுந்தாள், குனிந்து வணங்கினாள், உள்ளே ஓடியே போய்விட்டாள். ஜோம்ரே திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஓர் ஒல்லி இளைஞர் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிகழ்ச்சித் தாளைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. பதினாறில் ஒன்பது போக ஏழு. பாட்டை எழுதியவர் உட்பட ஒருத்தரும் அந்த ஏழு நிமிடத்தைக் கேட்கவில்லை. தன் வாய் சும்மா இல்லாததால் அது கேட்கப்படாமலே போய்விட்டது. அதைவிடக் கொடுமை, அவளுக்கே அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அந்த மௌனத்துக்குப் பிறகு என்னதான் வரும்? தரை கழுவும்போது யோசிப்பாள். தொட்டியில் சொட்டு விழும்போதெல்லாம், அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த அரங்கத்தில் புதுப் பாட்டு எது நடந்தாலும் ஜோம்ரே போனாள். வாயைக் கட்டத்தான் வழி வேண்டியிருந்தது. பூசணி மிட்டாய்தான் மருந்து. சந்தையில் பாளம் பாளமாக விற்கிறார்களே, பல்லோடு பல்லை ஒட்டிவிடுகிற மிட்டாய், அதில் ஒரு துண்டைக் கச்சேரி ஆரம்பிக்கும்போது கடைவாயில் போட்டுக் கடித்தால் அரைமணி நேரம் வாய் திறக்காது. அப்படியே பத்தொன்பது வருஷம் கேட்டாள். மூன்று கடைவாய்ப் பல் போயிற்று.

"அந்தச் சத்தத்தைக் கேக்குறதுக்கு நம்ம கொதிகலன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரலாமே? சீட்டு கேக்காது, பல்லும் மிஞ்சும்" என்பாள் மால்சுக்.

"உனக்கென்னடி தெரியும்? நேத்திக்கு ஒருத்தி தந்திக்கு நடுவுல சாப்புடுற குச்சியைச் செருகி வாசிச்சா பாரு."

"நூடுல்ஸ் வந்துச்சா?"

சொல்லப் போனால் கேட்டுக் கேட்டு ஜோம்ரேயின் காது எங்கேயோ போய்விட்டது. தாளில் பேர் பார்க்காமலே இது யார் எழுதியது என்று சொல்லிவிடுவாள். "இவன் கேக்குறவங்களுக்கு எழுதலை, பரிசு குடுக்குறவங்களுக்கு எழுதியிருக்கான்" என்பாள். "இந்தப் பொண்ணுக்கு வலது கை மகாராணி, இடது கை மாமியார்" என்பாள். நடு வாசிப்பில் குதிரையை நகர்த்திச் சுருதியை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குத் தனிப் பிரியம். ஆனால் 'கூரையிலிருந்து சொட்டுவது' மட்டும் ஜோன்ஜுவில் திரும்பி வரவே இல்லை. புதுப் பாட்டுகளின் தலையெழுத்தே அதுதான். முதல் முறை வாசிப்பதுதான் பெரும்பாலும் கடைசி முறையும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தேய்ப்பு மேசையில் வந்து குப்புறப் படுத்தாள். தொங்கிக்கொண்டிருந்த இடது கையை எடுத்து மேலே வைக்கும்போது ஜோம்ரே விரல்களைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் மரத்துப்போன காய்ப்பு.

"ஏம்மா, கயாகும் வாசிக்கிறவளா நீ?"

"ஐயோ, எப்படிச் சித்தி கண்டுபிடிச்சீங்க?"

"இதைத் தேய்ச்சா போகாது. அப்படியே இருக்கட்டும். பேரென்ன?"

"ஹேரிம். வியாழக்கிழமை இங்கதான் கச்சேரி. பயத்துல தோள்பட்டை ரெண்டும் கல்லாப் போச்சு, நல்லா அழுத்தித் தேய்ங்க. பழைய பாட்டுன்னா பயமில்லை. இது ஒரு மாதிரிப் பாட்டு. ப்யோ இன்சோக் வாத்தியார் எழுதினது. கூரையிலேர்ந்து..."

ஜோம்ரேயின் கை இடுப்புக்கிட்டே அப்படியே நின்றுவிட்டது.

"சித்தி? முடிஞ்சுதா?"

"இல்லம்மா. சொல்லு. அந்தப் பாட்டுக்கு என்ன?"

"நடுவுல ஒரு எடத்துல நிறுத்திட்டுக் காத்திருக்கணும். எவ்வளவு நேரம்னு கேட்டா, 'அது உன் கையில இல்லை'ங்கிறார். எதுக்காகக் காத்திருக்கணும்னு தாள்ல எழுதியிருக்கு, ஆனா ஒருத்தர்கிட்டேயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். விசித்திரமான மனுஷன் சித்தி."

அந்த முதுகை ஜோம்ரே தேய்த்த தேய்ப்பில் ஹேரிம் "ஆ, ஆ" என்று கத்தி, கடைசியில் குழந்தை மாதிரி சிவந்து எழுந்தாள். போகும்போது மூன்றாம் வரிசையில் இரண்டு சீட்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை ஜோம்ரே இரண்டு துண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டாள். அதுவும் போதாது என்று மால்சுக்கையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாரு. நிறுத்துற எடம் ஒண்ணு வரும். என் வாய் அசைஞ்சா உன் கையை வச்சுப் பொத்திடு. கடிச்சாலும் எடுக்காதே. அந்த ஏழு நிமிஷத்தைக் கேக்காம நான் சாகமாட்டேன்."

"அப்ப அதைக் கேக்காமலே இருடி, நீண்ட ஆயுசா இருக்கலாம்" என்றாள் மால்சுக். ஆனாலும் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

வாசிப்புக்கு முன் ப்யோ இன்சோக் மேடைக்கு வந்தார். ஒல்லி இளைஞர் போய், தொப்பையும் நரையுமாக ஒருவர். "இந்தப் பாட்டு முதல்ல இந்த அரங்கத்துலதான் பாதியில நின்னுச்சு. அன்னிக்கு மூணாவது வரிசையிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. அது யாருன்னு ரொம்ப நாள் தேடினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தேடினாராமே! ஜோம்ரே நாற்காலிக்குள் ஒடுங்கினாள். இரண்டு துண்டையும் ஒன்றாக வாயில் போட்டு இறுக்கக் கடித்தாள்.

பலகையில் தட்டு விழுந்தது. நகம் வழிந்தது. பிறகு சொட்ட ஆரம்பித்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் மிரண்டு ஓடிய பெண்ணைவிட ஹேரிம் நூறு மடங்கு நன்றாக வாசித்தாள். ஒவ்வொரு சொட்டும் விழுந்து, பரவி, அடங்கின பிறகே அடுத்தது வந்தது. ஜோம்ரேயின் தொண்டை வரை அந்தச் சொல் வந்து முட்டியது. விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள். கடைசிச் சொட்டு விழுந்தது.

மௌனம்.

அவள் மூச்சுகளை எண்ணினாள். ஐந்து. எட்டு. யாரோ இருமினார்கள். பன்னிரண்டு. அப்போதுதான் அவள் காதுக்கு ஒன்று இடறியது. பத்தொன்பது வருஷமாக எத்தனை மௌனம் கேட்டிருக்கிறாள்! எழுதி வைத்த மௌனத்தில் வாசிக்கிறவர்கள் எண்ணுவார்கள். கால் கட்டைவிரல் அசையும், தாடை அசையும். இந்தப் பெண்ணிடம் ஒன்றும் அசையவில்லை. இவள் எண்ணவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு யாரோ வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'காத்திருக்கணும்' என்றாளே, எதற்காக? அரங்கத்தில் இருநூறு பேர். எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூடக் கேட்காமல் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹேரிமின் வலது கை மெல்லத் தந்திகளை விட்டு எழுந்தது. வாசிக்க இல்லை. மடிக்குப் போகிறது. எழுந்து வணங்கப் போகிறாள்!

ஜோம்ரே வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. தாடை பாறையாக இருந்தது. இதைப் பார்த்த மால்சுக் சொன்ன சொல் தவறாமல் உள்ளங்கையைக் கொண்டுவந்து பொத்தினாள். பாவி, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்னதைக் கேட்டாள், அதுவும் இந்த நேரத்திலா! ஜோம்ரே முழங்கையால் அவளை ஒரு இடி இடித்து, விரலை வாய்க்குள் விட்டு மிட்டாயைப் பிடித்து இழுத்தாள். வந்தது. நாலாவது கடைவாய்ப் பல்லுக்குப் பொருத்தியிருந்த உறையும் சேர்ந்தே வந்தது. வலி மண்டை வரை ஏறியது. மறுபடியும் கெடுத்தால்? கெட்டால் கெட்டுப் போகட்டும். இவ்வளவு நன்றாக வாசித்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

"ஜோத்தா!"

குரல் பழைய குரல் இல்லை. கரகரத்து, நடுவில் உடைந்து, கீழே இறங்கியது. ஜோம்ரே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கைதட்டல் வரப் போகிறது என்று காத்திருந்தாள்.

வரவில்லை. ஹேரிமின் கை தந்திக்குத் திரும்பிவிட்டது. முதல் சுரம் சட்டென்று மேலே போய், நெளிந்து கீழே விழுந்தது. ஜோம்ரே கண்ணைத் திறந்தாள். அது அவள் குரல். பத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே வரிசையிலிருந்து அவள் கொடுத்த குரல், ஏறின இடத்தில் ஏறி, இறங்கின இடத்தில் இறங்கி. அடுத்த தந்தி அதையே சொன்னது. அதற்கடுத்தது கொஞ்சம் தாழச் சொன்னது. பிறகு இருபத்தைந்து தந்தியும் மாறி மாறி அதைச் சொல்ல ஆரம்பித்தன. சொட்டுகளும் திரும்பி வந்தன, ஆனால் இப்போது அவை தனியாக விழவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பலே விழுந்தது. யாருமில்லாத குளியல்கூடத்தில் இத்தனை வருஷம் தரை கழுவியவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி வந்து நின்றுகொண்டு பதில் பேசுகிறாள். ஜோம்ரே அழுதாள். மூக்கை உறிஞ்சினாள். மால்சுக் இடிபட்ட விலாவைத் தடவிக்கொண்டே தன் கைக்குட்டையை நீட்டினாள்.

ஏழு நிமிடம் முடிந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஊரையே கூப்பிடுகிற ஜோம்ரேயின் வாய் திறந்தபடியே இருந்தது.

வெளிக்கூடத்தில் ப்யோ இன்சோக் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். ஜோம்ரே வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடுப்பு வரை குனிந்தாள்.

"வாத்தியாரே, அன்னிக்கு உங்க பாட்டைக் கெடுத்தது நான்தான். மன்னிச்சிடுங்க."

"தெரியுதும்மா. இப்பத்தானே மறுபடி கேட்டேன். அதே ஏத்தம், அதே எறக்கம்."

"நீங்க தலையில கை வச்சுக்கிட்டு நின்னீங்களே..."

"பின்னே? அந்தக் குரலுக்கு அப்புறம் என் பாட்டு வாசிக்க லாயக்கில்லைன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. நான் எழுதி வச்சிருந்த மீதி படுமோசம்மா. வீட்டுக்குப் போய்க் கிழிச்சுப் போட்டுட்டு, அந்த ஏழு நிமிஷத்துக்கு உங்க குரலை வச்சுப் புதுசா எழுதினேன். நீங்க கத்தலேன்னா ஊரே அதைக் கேட்டிருக்கும், என் மானம் அன்னிக்கே போயிருக்கும்."

கிழித்துவிட்டாராம்! எந்த ஏழு நிமிடத்துக்காக அவள் பத்தொன்பது வருஷம் மனசு புழுங்கினாளோ, அது அப்போதே குப்பைக்குப் போய்விட்டது. அவர் தாளைப் பிரித்துக் காட்டினார். மௌனம் இருந்த இடத்தில் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'கேட்பவர்களில் ஒருவர் குரல் கொடுக்கும் வரை காத்திரு. யாரும் கொடுக்காவிட்டால் பாட்டு இங்கேயே முடிந்தது. வணங்கி எழுந்துவிடு.'

"சியோல்ல ரெண்டு தடவை, தேகு ஊர்ல ஒரு தடவை வாசிச்சாங்க. ஒருத்தர் வாயைத் திறக்கலை. ஒன்பது நிமிஷத்தோட முடிஞ்சுபோச்சு. மீதியை நானே இன்னிக்குத்தான் அரங்கத்துல கேக்குறேன்."

"குரல் குடுங்கன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"கேட்டு வாங்கினா அது பலேவாம்மா?"

ஜோம்ரே யோசித்துப் பார்த்தாள். சரிதான் என்று பட்டது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த மிட்டாயைப் பிரித்து, அதில் பதிந்திருந்த பல் உறையை அவருக்குக் காட்டினாள். "சரி வாத்தியாரே. அப்ப இந்த நாலு பல்லும் எதுக்குப் போச்சுன்னு சொல்லுங்க" என்றாள். அந்த மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பைக் கேட்டு அரங்கத்துக் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை ஹேரிம் மறுபடியும் தேய்ப்பு மேசையில் வந்து குப்புறப் படுத்தாள்.

"சித்தி, அடுத்த மாசம் சியோல்ல அதே பாட்டு. நீங்களும் வாங்க. மூணாவது வரிசையில சீட்டு எடுத்து வைக்கிறேன்."

"வரமாட்டேன்."

"ஏன் சித்தி? பல்லா?"

"பல்லு கட்டியாச்சு. நான் வந்து கத்தினா அது ஏற்பாடு பண்ணிக் கத்தினதுடி. உன் வாத்தியாருக்கு அது வேணுமா, உனக்குத்தான் வேணுமா? அங்கேயும் ஆளுங்க இருப்பாங்க, அவங்களுக்கும் வாய் இருக்கும். திறக்கட்டும்."

"திறக்கலேன்னா?"

"ஒன்பது நிமிஷத்தோட எழுந்து வீட்டுக்குப் போகட்டும்."

"அப்ப நான்? அவ்வளவு நேரம் அங்க தனியா உக்காந்து காத்துக்கிட்டிருக்கணுமே சித்தி. பயமா இருக்காதா?"

ஜோம்ரே ஒரு வாளி வெந்நீரை எடுத்து அந்தத் தோள்களில் மெதுவாக ஊற்றினாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு தொட்டியில் விழுந்தது.

"இருக்கும். நல்லா வாசி. வாசிச்சிட்டு காத்திரு" என்றாள். பிறகு கையைக் குவித்து முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். ஹேரிம் புரண்டு படுத்தாள்.